சொந்தச் சேதம்

வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டோடு முடிகிறது.
செபத்தையா மூன்று முறை போன் அடித்துவிட்டார்.
"ஃபுல்லா போட்டுருவோமா, தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா?
ஒரு வார்த்தை சொல்லுங்க யக்கா.
கமிஷனுக்காகக் கேக்கல, பாத்துக்கிடுங்க."

கரண்ட் பில்லின் முதுகில் கணக்குப் போடுகிறேன்.
கட்டாயத்துக்கு மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம்.
வண்டிக்கென்று சேர்த்தால் இன்னுமொரு மூவாயிரத்து நூறு.
பதினோரு வருஷ வேகன்ஆர்.
அடியோடு போனால் கம்பெனி தருவது
தொண்ணூற்றெட்டாயிரம்.
பாதியோடு போனால்
முதல் ஆயிரம் என் கையிலிருந்து,
பிளாஸ்டிக்கில் பாதி என் தலையில்,
இத்தனை வருஷம் இடிக்காமல் ஓட்டியதற்குச் சேர்ந்த
ஐம்பது சதவீதத் தள்ளுபடியும்
அன்றோடு போயிற்று.

இடிக்காமல் என்றா சொன்னேன்?
கேட்காமல் என்று சொல்லியிருக்க வேண்டும்.
இடது கதவின் ஒடுக்கு
முக்கூடல் பக்கம் ஒரு கிடா முட்டியது.
பின் பம்பர் விரிசல் வண்ணார்பேட்டை டவுன் பஸ் கொடுத்தது.
கண்டக்டர் இறங்கி வந்து
என்னைப் பார்க்காமல் பம்பரை மட்டும் பார்த்து
"ஒண்ணும் இல்ல, ரைட்" என்றார்.
மேலப்பாளையத்து மசூது ரப்பர் சுத்தியலால்
உள்ளேயிருந்து தட்டித் தட்டி
எண்ணூறு ரூபாயில் முடித்துவிடுவார்.
"கிளைமா? நீங்க டீயக் குடிங்க,
அதுக்குள்ள முடிஞ்சிரும்."

அந்த மார்கழியில் ஆறு ஊருக்குள் வந்தபோது
சிந்துபூந்துறையில் கார்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு மிதந்ததை
மாடியிலிருந்து எடுத்தவர்கள் எனக்கும் அனுப்பினார்கள்.
என் வண்டி அன்று மேட்டில் நின்றது.
யோசித்து நிறுத்தவில்லை.
இடம் கிடைத்தது அங்கே.

தினமும் பாளையங்கோட்டையிலிருந்து கல்லிடைக்குறிச்சி.
சேரன்மகாதேவி தாண்டினால் பாதி ரோட்டில் நெல் காயும்.
மீதியில் மயில்கள்,
பறக்கத் தெரிந்தும் நடந்தே கடக்கும்.
அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி.
முழங்காலை மடக்கச் சொல்வேன்,
பத்து வரை எண்ணச் சொல்வேன்.

பாலிசித் தாளின்படி
முதல் நபர் நான், இரண்டாம் நபர் கம்பெனி.
மூன்றாம் நபருக்குப் பெயரில்லை.
அவருக்காகச் சட்டம் என்னைக் கட்டாயப்படுத்துகிறது.
எனக்கென்று வரும்போது
உன் இஷ்டம் என்று விட்டுவிடுகிறது.

என் மேசையில் படுப்பவர்களில் பாதிப்பேர்
யாரோ ஒருவருடைய மூன்றாம் நபர்கள்.
சங்கரவடிவு, வீரவநல்லூர், பீடி சுற்றுகிறவர்.
கடையில் கட்டு கொடுத்துவிட்டுத் திரும்புகையில்
பின்னாலிருந்து வந்தது.
இடித்த காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ்.
பதினைந்தே நாளில் புது முகத்தோடு
அதே ரோட்டில் போயிற்றாம்.
"பளபளன்னு இருந்துச்சு டாக்டர்" என்கிறார்,
கோபமே இல்லாமல்,
ஏழு, எட்டு என்று எண்ணுவதற்கு நடுவில்.
அவருடைய கேஸ் இன்னும் வாய்தாவில் இருக்கிறது.
கால் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்க மாட்டேன் என்கிறது.

இதை வைத்துக்கொண்டு
என் பம்பரைப் பற்றி என்ன முடிவெடுப்பது?
இரண்டுக்கும் சம்பந்தமில்லை.
தெரியும்.
இருந்தாலும் பில்லைத் திருப்பிப் போட்டேன்.

செபத்தையாவைக் கூப்பிட்டு
"கட்டாயம் மட்டும் போடுங்க" என்றேன்.
"ஒரு வருஷம்தான யக்கா…" என்று இழுத்தார்.
பிறகு "சரி, ஓடிபி வரும்."
வந்தது. சொன்னேன்.
மிச்ச மூவாயிரத்து நூறைக் கவரில் போட்டு
மேலே 'வண்டி' என்று எழுதினேன்.
சிலிண்டர் வந்தால் அதிலிருந்துதான் எடுப்பேன்.

ராத்திரி கீழே இறங்கிப் போய்
தென்னைக்கு நேர்க்கீழே நின்ற வண்டியை
இரண்டடி பின்னால் எடுத்தேன்.
இப்போது அது எதிர்வீட்டு ஜீப்பின் வழியில் நிற்கிறது.
விடியுமுன் நாலரைக்குப் பால் கேன்களோடு
பின்னால் பாராமல் ரிவர்ஸ் எடுப்பார் கோமதிநாயகம்.
அப்போது மூன்றாம் நபர் நான்.

கொஞ்சம் முன்னால் எடுத்தேன்.
அண்ணாந்து பார்த்தேன்.
குலையில் எத்தனை என்று எண்ண
இருட்டு விடவில்லை.